பேபி நகர்த்திய குழாய்

தொண்ணூறுகளின் நடுவில் கள்ளிக்குப்பத்தில் கல்யாணம் என்றால் பத்திரிகை பேபியின் கடையில்தான். நாற்று நட்டுப் பிழைத்த எல்லம்மாவின் மகள், பிளஸ் டூ முடித்த கையோடு தட்டச்சுப் படித்து, கடனோ உடனோ வாங்கி ஒரு கம்ப்யூட்டர் பிடித்து, தொழிற்சாலைகள் இருக்கிற எஸ்டேட்டுக்குப் போகிற சாலையில் டி.டி.பி. கடை போட்டுவிட்டாள். கெட்டிக்காரிதான். ஆனால் ஒரு கிறுக்கு உண்டு. இடப்பக்கம் பிள்ளையார் இருந்தால், வலப்பக்கம் அதே உயரத்தில் முருகனை உட்கார வைக்காமல் அவளுக்குச் சோறு இறங்காது. மாப்பிள்ளை வீட்டுப் பெயர்கள் ஒரு வரி கூடிவிட்டால், பெண் வீட்டில் யாராவது ஒன்றுவிட்ட சித்தப்பாவைத் தேடிப் பிடித்துச் சேர்க்கச் சொல்லி நச்சரிப்பாள். அந்தச் சித்தப்பாக்கள் பூரித்துப்போய் மொய்யும் கூடுதலாக வைத்தார்கள் என்று கேள்வி.

அந்தக் கடைக்குள் ஒருநாள் காக்கி உடுப்போடு வேம்புலி நுழைந்தார். அதே ஊர்க்காரர், தீயணைப்பு நிலையத்தில் வேலை.

"இன்னாண்ணே, ஊட்ல விசேஷமா?" என்றாள் பேபி.

"விசேஷம் இல்லமா. எஸ்டேட்ல ரப்பர் கம்பெனி கீதுல்ல, அதுக்கு மேப் போடணும். நெருப்பு புடிச்சா எந்த கேட்டாண்ட பூர்றது, கரண்ட்ட எங்க நிறுத்தறது, வண்டிக்குத் தண்ணி புடிக்கிற கொழா எங்க கீது, அல்லாம் ஒரே தாள்ல தெரியணும். வண்டியில வெச்சுப்போம். கம்ப்யூட்டர்ல போட்டுகினு வாங்கன்னு ஆபீசர் சொல்லிட்டாரு." பென்சிலால் போட்ட படத்தை மேசைமேல் விரித்தார். "இது நல்லா வந்தா எஸ்டேட் மொத்தத்துக்கும் உன்னாண்டதான்."

பேபிக்குத் தலைகால் புரியவில்லை. முகூர்த்தமும் ராகுகாலமும் இல்லாத வேலை அவளுக்கு வந்ததே அதுதான் முதல் தடவை. பத்திரிகைக்குப் பூ வரைகிற அதே மென்பொருளில் சுவருக்குக் கோடு, கிடங்குக்குக் கட்டம், வாசலுக்கு அம்புக்குறி, குழாய்க்கு வட்டம் என்று இழுத்து இழுத்து வைத்தாள். மவுஸில் இருக்கிற வசதியே அதுதானே, எதையும் அழிக்க வேண்டாம், பிடித்து நகர்த்தினால் போதும்.

வந்தது வினை. படத்தில் கரண்ட் அறை, தண்ணீர்த் தொட்டி, குழாய் மூன்றும் இடப்பக்கமே நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. வலப்பக்கம் மொட்டை. பார்க்கப் பார்க்கக் கண்ணை உறுத்தியது. குழாயைப் பிடித்து இழுத்து வலப்பக்கம் கேன்டீன் மூலையில் வைத்தாள். இப்போது படம் லட்சணமாக இருந்தது. நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினாள், மகராசி.

வேம்புலியும் பென்சில் படத்தோடு ஒத்துப் பார்க்காமல் வாங்கிப் போய்விட்டார். அடுத்த வாரம் ரப்பர் கம்பெனியில் தீயணைப்பு ஒத்திகை. மணியடித்துக்கொண்டு வண்டி பாய்ந்தது. படத்தைப் பார்த்துக்கொண்டே வேம்புலியின் ஆட்கள் ஹோஸ் பைப்பை உருட்டிக்கொண்டு கேன்டீன் மூலைக்கு ஓடினார்கள். அங்கே ஒரு முருங்கை மரமும், அண்டா கழுவிக்கொண்டிருந்த சமையல்காரரும்தான் இருந்தார்கள். கம்பெனியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

சாயங்காலம் தீயணைப்பு நிலைய அலுவலர் கலியமூர்த்தி நேராகக் கடைக்கே வந்துவிட்டார்.

"குழாய இங்க வெச்சது யாரும்மா?"

"நான்தான் சார்," என்றாள் பேபி, குரல் உள்ளே போக. "அந்தப் பக்கம் காலியா இருந்துச்சு."

கலியமூர்த்தி அவளையே பார்த்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு பீறிட்டது. சிரித்து முடித்ததும் முகம் மாறியது. "இன்னிக்கு ஒத்திகை, சிரிச்சுட்டோம். நெஜமாவே புடிச்சிருந்தா உள்ள ஆளுங்க இருப்பாங்கம்மா."

அது பேபிக்குச் சுருக்கென்று தைத்தது. ரப்பர் கம்பெனியில் வேலை செய்கிறவர்களில் பாதிப் பேருக்கு அவள்தான் பத்திரிகை அடித்தவள். "நானே உள்ள போய்ப் பாத்துட்டு வரையறேன் சார்," என்றாள். அவரும் சரி என்றார்.

மறுநாள் வேம்புலியோடு கம்பெனி முழுக்கச் சுற்றினாள். ஒவ்வொரு கதவையும் திறந்து பார்த்தாள். அந்தக் குழாயைக் கையால் தொட்டே பார்த்துவிட்டாள். திரும்பி வந்து வரைந்த படம் ஒரு பக்கம் சாய்ந்து, பார்க்கச் சகிக்கவில்லை. அவள் கை மவுஸுக்குப் போனது. கையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

அந்தப் படம் வண்டியில் ஏறிச் சில மாதம் ஆகியிருக்கும். அப்பாவு என்பவர் மகள் கல்யாணப் பத்திரிகைக்காக உட்கார்ந்து, எந்தச் சம்பந்தி பெயர் முதலில் வரவேண்டும் என்று வழக்காடிக்கொண்டிருந்த மத்தியான வேளை. மணியடித்தபடி தீயணைப்பு வண்டி கடையைத் தாண்டிப் பறந்தது. பேபி வாசலுக்கு ஓடினாள். எஸ்டேட் பக்கம் கரும்புகை. ரப்பர் எரிகிற நாற்றம்.

குழாய் வட்டம் சரியான இடத்தில்தானே இருக்கிறது? வாசல் அம்புக்குறி? ஆபீசர் சொன்ன 'உள்ள ஆளுங்க' என்ற சொல்லே காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. அப்பாவு இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, தானும் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டார்.

வண்டி திரும்பியபோது கடை வாசலிலேயே நின்றது. வேம்புலி குதித்து இறங்கினார். முகமெல்லாம் கரி. கையில் சொட்டச் சொட்ட நனைந்து, மடிப்பில் கிழிந்து தொங்கிய ஒரு தாள்.

"இன்னொரு காப்பி போடும்மா. இது ஊறிப் பூட்ச்சு."

"யாருக்குனா எதுனா ஆய்ச்சாண்ணே?"

"ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவல. கொஞ்சம் ரப்பரும் கூரத் தகரமும்தான் கருகிச்சு."

"தண்ணி?"

"ஒரே பொகைம்மா. எதுர்ல நிக்கிறவன் மூஞ்சி தெரியல. நீ போட்ட எடத்துல கைய வெச்சேன், கொழா கீது."

பேபி அந்த ஈரத் தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். ஒரு கிழிந்த தாளைப் பார்த்து ஒரே நேரத்தில் அழவும் சிரிக்கவும் செய்த ஆளை அப்பாவு அன்றைக்குத்தான் பார்த்தார். சம்பந்தி பெயர் எந்த வரிசையில் வந்தாலும் பரவாயில்லை, முதலில் அந்தக் காப்பியைப் போடம்மா என்றார்.