மூன்று நாளில் எடை கூடிய வைரம்

தராசு நாற்பத்தெட்டு சென்ட் காட்டியது. மூன்று நாளைக்கு முன் நான் கொடுத்தனுப்பிய வைரம் முப்பது சென்ட்; நூறு சென்ட் ஒரு காரட். வைரம் தின்று கொழுக்கிற பொருள் இல்லையே.

தொண்ணூறுகளின் நடுவில் கோயமுத்தூரில் ஒரு நகைக்கடையின் வைர கவுண்டரில் விற்பனைப் பெண்ணாக இருந்தேன். எங்கள் பக்கத்தில் கல் பிடித்துப்போனாலும் உடனே வாங்கிவிட மாட்டார்கள். மூன்று நாள் வீட்டில் வைத்து ராசி பார்ப்பார்கள். அதற்குள் பால் திரிந்தால்கூடப் பழி கல்மேல்தான். அப்படித் திரும்பி வந்த கல்லை அடுத்த வீட்டுக்கு அனுப்பினால், அங்கே போய் நல்ல பெயர் வாங்கிவிடும்.

1. வெர்னியரோடு வந்த மாப்பிள்ளை

பெருந்துறையில் லேத் பட்டறை வைத்திருந்த மோகனும் அவர் அம்மா தெய்வானையம்மாளும் நிச்சயதார்த்த மோதிரத்துக்குக் கல் பார்க்க வந்தார்கள். பெண் தாராபுரம், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

நிறம், கரும்புள்ளி, கட்டிங் என்று வழக்கமான பாடத்தை ஒப்பித்தேன். மோகன் லென்ஸில் ஒரு தடவை பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து, பட்டறையில் இரும்பை அளக்கிற வெர்னியரை எடுத்தார். அத்தனை வருடத்தில் வைரத்தை வெர்னியரால் அளந்த ஆளை நான் பார்த்ததில்லை. கல்லைத் திருப்பித் திருப்பி நாலு பக்கமும் அளந்தார்.

"ரவுண்டு கரெக்டா இருக்குதுங்க. அவுங்க கணக்கு டீச்சருங்க. கோணலா இருந்தா கண்டுபுடிச்சுருவாங்க" என்றார். சொல்லும்போதே காது சிவந்துவிட்டது.

வித்தியாசம் தெரியட்டும் என்று அதே அளவில் ஒரு அமெரிக்கன் டயமண்டையும் பக்கத்தில் வைத்திருந்தேன். இருபது ரூபாய்ப் போலிக் கல். மோகன் அதையும் அளந்தார். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டே இரண்டு கல்லையும் தனித்தனிப் பேப்பரில் மடித்தேன். ஒன்று பெருந்துறைக்குப் போனது, மற்றது என் டிராயருக்குள் போனது. எடை முன்பே போட்டாயிற்று, இன்னொரு தடவை எதற்கு என்கிற மெத்தனம்.

2. எரிந்த மோட்டார்

மூன்றாம் நாள் தெய்வானையம்மாள் பொட்டலத்தைக் கவுண்டரில் வைத்தார்.

"கல்லு வந்த அன்னைக்கே கெணத்து மோட்டார் எரிஞ்சுபோச்சுங்க. மறுநாளு மாடு என்னைய முட்டிப்போட்டுது. இது வேண்டாமுங்க."

"வேற கல்லு காட்டட்டுங்களா?"

"கல்லும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாமுங்க. அந்தப் புள்ளைக்குன்னு எடுத்த கல்லே இப்படின்னா, புள்ள வந்தா என்னாகுமோ. தாராபுரத்துக்கு வேண்டாம்னு சொல்லி உட்டர்லாம்னு இருக்கறோம்."

மோகன் பின்னால் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குச் சட்டைப் பையில் வெர்னியர் இல்லை.

திரும்பி வந்த கல்லைத் தராசில் வைப்பது கடை விதி. வைத்தேன். அப்போதுதான் அந்த நாற்பத்தெட்டு. முதலாளி குனிந்து என் காதில், "கல்ல மாத்திப்போட்டாங்களா அம்மணி?" என்றார். அமெரிக்கன் டயமண்ட் பார்வைக்கு வைரத்தின் அளவே இருந்தாலும் எடை அதிகம். டிராயரைத் திறந்து என்னிடம் இருந்த கல்லைப் போட்டுப் பார்த்தேன். முப்பது. மூன்று நாளாக அசல் வைரத்தைக் காட்டி, "இது போலிங்க, மினுக்கம் கம்மி பாருங்க" என்று நான் சொல்ல, வந்தவர்களெல்லாம் "ஆமாங்க" என்று தலையாட்டியிருக்கிறார்கள்.

முதலாளிக்கு விஷயம் புரிந்துவிட்டது. பேசாமல் இரு என்று கண்ணைக் காட்டினார். அவர் பயம் நியாயமானது. வைரம் என்று சொல்லி போலிக் கல்லைக் கொடுத்த கடை என்று பெயர் வந்தால் ஷட்டரை இழுத்து மூட வேண்டியதுதான். நான் வாயை மூடிக்கொண்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் தாராபுரத்தில் ஒரு பெண்ணுக்கு ராசியில்லாதவள் என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும். போனையும் கல்லையும் ஒன்றாகப் பிடித்தவள் நான். எனக்கு என்மேலேயே கோபம் வந்தது.

"தப்பு என்னோடதுங்கம்மா. உங்க ஊட்டுக்கு வந்தது வைரமே இல்லீங்க. மாத்தி மடிச்சுப்போட்டேன். அந்தப் பொண்ணுக்குன்னு எடுத்த கல்லு இந்தக் கடைய உட்டு நகரவே இல்லீங்க."

இரண்டையும் அவர்கள் கண்முன்னால் எடை போட்டுக் காட்டினேன்.

"அப்ப மோட்டாரு?" என்று தெய்வானையம்மாள் மகனைப் பார்த்தார்.

"லோ வோல்டேஜுங்கம்மா. ரெண்டு மாசமாச் சொல்லிட்டு இருக்கறேன்."

"மாடு?"

"அது என்னையுந்தான் முட்டுது."

தெய்வானையம்மாள் இரண்டு கல்லையும் மாறி மாறிப் பார்த்தார். முதலாளி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். நான் அசல் கல்லைப் புதிய பேப்பரில் வைத்து, "இத வேணா மூணு நாள் வெச்சுப் பாருங்கம்மா" என்று நீட்டினேன்.

"வேண்டாமுங்க. ஊடுன்னா மூணு நாளைக்கு ஒருக்கா ஏதோ ஒண்ணு நடக்கத்தான் செய்யும். இங்கயே வெச்சு மோதிரமாச் செஞ்சுபோடுங்க" என்றார். மோகன் மெதுவாக மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

3. கொலுசு செக்‌ஷன்

முதலாளி என்னை வெள்ளிக் கொலுசுக்கு மாற்றினார். எனக்கு அந்தத் தண்டனை வேண்டியதுதான். கல் கை மாறும்போதெல்லாம், கொடுக்கையிலும் வாங்கையிலும், எதிராளி பார்க்க எடை போட வேண்டும், அப்போது போனை எடுக்கக் கூடாது. வேலைக்கு வந்த புதுப்பிள்ளைகளுக்கெல்லாம் பிற்பாடு இதைத்தான் முதலில் சொன்னேன்.

ஒரு மாதம் கழித்துப் பெருந்துறையிலிருந்து இரண்டு பெண்கள் வைரத் தோடு கேட்டு வந்தார்கள். வைர கவுண்டரில் உட்காராமல் நேரே கொலுசுப் பக்கம் வந்து என்னிடம் நின்றார்கள்.

"தெய்வானையக்கா அனுப்புனாங்க. 'அந்தப் புள்ள கல்ல மாத்திக் குடுத்தாலும் குடுக்கும், ஆனா மறைக்காது, அதுகிட்டயே வாங்குங்க'ன்னு சொன்னாங்க."

முதலாளி கேட்டுக்கொண்டுதான் இருந்தார். எழுந்து வந்து, வைர டிராயரின் சாவியை என் முன்னால் வைத்துவிட்டுப் போனார்.