செவ்வாய்க்கிழமை கேசட்

போன வாரம் கோச்சடையில் எங்கள் தெருவில் ஒரு பைக் திருடு போனது. பறிகொடுத்தவர் எதிர்வீட்டுக்காரர், பதறிப்போய் கேமரா வாங்கியது நாங்கள். பொருத்த வந்த தம்பி பெட்டியைப் பிரித்ததும் தெர்மாகோலும் புது பிளாஸ்டிக்குமாக ஒரு வாசனை வீடு முழுக்கப் பரவியது.

"இது டிஜிட்டல் ரெக்கார்டரு மேடம். தேதியும் நேரமும் அடிச்சீங்கன்னா நேரா அங்க போய் நிக்கும்" என்றார்.

நல்ல மெஷின்தான். ஆனால் எனக்கு ரெக்கார்டர் என்றால் வேறு வாசனை: சூடேறிய தூசியும், புதுச் சேலையின் கஞ்சியும் கலந்தது.

படிப்பு முடிந்த கையோடு கீழவாசல் பக்கம் ஒரு சேலைக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். சுங்குடிப் பிரிவு. எங்கள் முதலாளி ஜெகநாதன் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர். கடையில் தமிழ்தான். கோபம் வந்தால் மட்டும் வீட்டு பாஷை கடைக்கு வந்துவிடும். என்ன திட்டு என்று புரியாததால் எங்களுக்கும் அது சவுகரியமாகவே இருந்தது.

கடையில் அவ்வப்போது சேலைகள் குறைகின்றன என்று சந்தேகப்பட்டு, அடுத்த தெருவில் டிவி, டெக் ரிப்பேர் பார்க்கும் ஜாஃபர் அண்ணனைக் கூப்பிட்டு வாசலுக்கு மேலே, கடைக்குள் பார்க்கிற மாதிரி ஒரு கேமரா வைத்தார். கல்லாவுக்குப் பக்கத்தில் கேசட் போட்டுப் பதிகிற ரெக்கார்டர், அதன் தலையில் சின்ன டிவி.

"மூணு மணி நேர கேசட்டுல ஒரு பகல் பூரா அடங்கிரும் மொதலாளி. மெஷினு விட்டு விட்டுத்தான் படம் பிடிக்கும்" என்றார் ஜாஃபர் அண்ணன்.

விட்டு விட்டுப் பிடித்ததைத் திரும்ப ஓட்டினால் நாங்கள் எல்லோரும் மைனா மாதிரி தத்தித் தத்தி ஓடுவோம். அதிலும் என் கூட்டாளி மல்லிகா சேலை உதறுகிறதைப் பார்த்தால் பேயோட்டுவது போல இருக்கும். கிழமைக்கு ஒரு கேசட். அடுத்த வாரம் அதே கிழமை வந்தால் அதன் மேலேயே திரும்பப் பதியும்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. டி. கல்லுப்பட்டியிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் முகூர்த்தச் சேலை எடுத்து, குஞ்சம் கட்டுவதற்காகக் கடையிலேயே விட்டுப் போயிருந்தார்கள். காலையில் குஞ்சம் கட்டி வந்த சேலையை மஞ்சள் பையோடு கையில் வாங்கியது நான். கல்லாவில் வைத்தேன். மதியம் கல்யாணப் பெண்ணும் அம்மாவும் வந்து நின்றபோது பையைக் காணோம்.

"நீதானம்மா வாங்குன?" என்றார் முதலாளி. தமிழில்தான் கேட்டார். அதுதான் பயமாக இருந்தது.

"கல்லாவுலதான் வச்சேன் மொதலாளி."

பெண்ணின் அம்மா, "முகூர்த்தச் சேலையில்ல, இது என்ன சகுனமோ" என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. மல்லிகாதான் என் கையைப் பிடித்துக்கொண்டு, "படத்தப் போட்டுப் பாருங்க, தெரிஞ்சு போகுது" என்று சத்தம் போட்டாள்.

ஜாஃபர் அண்ணன் வந்தார். பதிவை நிறுத்தினால்தான் படம் பார்க்க முடியும். அந்த மெஷினுக்கு ஒரு நேரத்தில் ஒரு வேலைதான். எந்த நிமிஷத்தில் பை போனது என்று யாருக்கும் தெரியாது. நினைத்த இடத்துக்குத் தாவுகிற வசதியும் கிடையாது. கடை திறந்ததிலிருந்து ஓட்டினார். மொத்தக் கடையும் டிவி முன்னால் கூடிவிட்டது. முதலாளி கல்லா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

படத்தில் நான் பையோடு தத்தி வந்தேன். கல்லாவில் வைத்தேன். தத்திப் போனேன். எனக்கு மூச்சு வந்தது. அடுத்து படத்து முதலாளி வந்தார். பையை எடுத்தார். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார். பத்திரமாக, தன் நாற்காலியில் முதுகுக்குப் பின்னால் வைத்துச் சாய்ந்துகொண்டார். அவருக்கு இடுப்பு வலி உண்டு.

டிவியைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை தலைகளும் மெதுவாக நாற்காலிப் பக்கம் திரும்பின. முதலாளி கையைப் பின்னால் விட்டுத் துழாவினார். மஞ்சள் பை வந்தது. அவர் என்னவோ சௌராஷ்டிரத்தில் சொன்னார். முதல் தடவையாக எங்கள் எல்லோருக்கும் அது முழுசாகப் புரிந்தது.

"இஸ்திரியே போட்டுட்டாகளே!" என்றார் பெண்ணின் அம்மா. அவ்வளவுதான், கடை வெடித்துவிட்டது. முதலாளியும் சிரித்துவிட்டார். என்னைப் பார்த்து, "மனசுல வச்சுக்காதம்மா" என்றார்.

ஜாஃபர் அண்ணன் கேசட்டை எடுக்கப் போனார். மல்லிகா தடுத்தாள்.

"இருங்கண்ணே. கொஞ்சம் பின்னால ஓட்டுங்க."

"அதான் சேல கெடச்சுருச்சே?"

"சேல கெடச்சுருச்சு. இது வேற."

ஓட்டினார். சேலை அடுக்கைத் தூக்கிக்கொண்டு நான் இடமிருந்து வலம் போகிறேன். பில் போடுகிற செல்வத்தின் தலை இடமிருந்து வலம் போகிறது. நான் திரும்பி வருகிறேன். தலையும் திரும்பி வருகிறது. பில்லுக்குக் கை நீட்டிய ஒரு பெரியவர் நீட்டியபடியே நிற்கிறார். மறுபடி நான். மறுபடி தலை.

"இவுக கழுத்துல என்ன, டேபிள் ஃபேன் மோட்டாரா இருக்கு?" என்றாள் மல்லிகா.

செல்வம் கொட்டாம்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். அதுவரை என்னிடம் அவர் பேசியதெல்லாம் 'பில்லு நம்பர் என்ன?' என்பதுதான். நானும் கவனித்ததில்லை, சேலை அடுக்கு முகத்தை மறைத்துவிடும். இப்போது மேஜைக்கு அடியில் குனிந்துவிட்டார்.

"பேனா விழுந்துருச்சு" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

"பேனா காதுல இருக்குண்ணே!"

கல்யாணப் பெண் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் முன்பு அழப்போன எனக்கு முகம் தீயாகச் சுட்டது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுங்குடியின் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சிரிப்பு மட்டும் நிற்கவேயில்லை.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் செல்வம் வந்து நின்றார். "நீங்க தப்பா நெனச்சுக்காதீக..."

"கழுத்து வலிக்குதா?" என்று கேட்டேன்.

அதற்கு இன்றுவரை அவர் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. எங்கள் பிள்ளைகள் காலேஜுக்குப் போய்விட்டார்கள்.

எங்கள் கல்யாணத்துக்கு முதலாளி பட்டுச்சேலைப் பெட்டியில் வைத்து அந்தச் செவ்வாய்க்கிழமை கேசட்டையே கொடுத்தார். அதன் மேல் பதிந்துவிடாமல் மறுநாளே எடுத்து வைத்திருந்தாராம். வீட்டில் சினிமா கேசட் பார்க்கிற டெக்கில் போட்டால், ஒரு பகல் பூராவும் மூன்று மணி நேரத்தில் ஓடி முடியும்; அதில் எல்லோரும் பறந்தார்கள். செல்வத்தின் தலை நிஜமாகவே ஃபேனாகச் சுற்றியது.

சில வருஷங்களில் கடைக்கு டிஜிட்டல் வந்தது. "கேசட்டு தேயும், இது தேயாதும்மா. எல்லாத்தையும் நம்பரா மாத்தி உள்ள வச்சுக்கிரும். பதிஞ்சுக்கிட்டே பழசையும் காட்டும்" என்று ஜாஃபர் அண்ணன் விளக்கினார். எனக்குத் திக்கென்றது. அன்றைக்கு இது இருந்திருந்தால் பை வந்த நேரத்தை அடித்திருப்பார்கள். ஒரு நிமிஷத்தில் பை கிடைத்து, எல்லோரும் வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். செல்வம் இன்னமும் 'பில்லு நம்பர்' கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு குறைதான். மெஷின் படம் காட்டிக்கொண்டிருந்ததால், நாங்கள் அன்று சிரித்த சிரிப்பு எந்த கேசட்டிலும் இல்லை.

டெக் செத்துப்போன பிறகு கேசட்டுகளைக் கொட்டாம்பட்டி வீட்டுப் பரணில் போட்டோம். ஒரு விடுமுறைக்குப் போனபோது சோளக்காட்டைச் சுற்றி, கேசட்டுக்குள் இருந்த கறுப்பு நாடாவை உருவிக் கட்டியிருந்தது. வெயிலில் மின்னி, காற்றில் விர்ரென்று இரைந்தது.

"சும்மாதானம்மா கெடந்துச்சு. அம்புட்டுக் கிளியும் ஓடிருச்சு பாரு!" என்றார் மாமனார், ரொம்பப் பெருமையாக.

செல்வம் நாடாவை இரண்டு கையாலும் பிடித்து வெயிலுக்கு நேரே வைத்து உற்றுப் பார்த்தார். "ஒண்ணும் தெரியலையே."

"நல்லாப் பாருங்க, உங்க கழுத்து தெரியும்" என்றேன். இரண்டு பேரும் வரப்பில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் மாமனார் பயந்துவிட்டார்.

கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். ஜாஃபர் அண்ணன் மகனோடு சென்னைக்குப் போய்விட்டார். நாடா அந்த ஒரு மழைக்காலம் வரைதான் தாங்கியது. அடுத்த தடவை போனபோது வேலியில் ஒரு முழம்கூட மிச்சமில்லை. சோளம் நன்றாக விளைந்திருந்தது. கிளிகளெல்லாம் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தன.