தார்பாய்க்கு அடியில் முடிந்த வேலை

கலைவாணியைத் திட்ட மேலாண்மைப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள் என்று தெரிந்த அன்றே, வெல்டிங் பிரிவில் அவருக்கு டீ கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

கள்ளிக்குப்பத்துக்காரர். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லாரி இருக்கைகளுக்கு இரும்புச் சட்டம் செய்யும் சிறு தொழிற்சாலையில் ஹெல்ப்பராகச் சேர்ந்து, இன்று சரக்கு அனுப்பும் பிரிவுக்குப் பொறுப்பாளர். மதியச் சாப்பாடு மட்டும் இப்போதும் வெல்டர்களோடுதான்.

"இன்னா கலை, வேவு பாக்கறதுக்கும் இப்ப கிளாஸ் எடுக்கறாங்களா?" என்றார் மூத்த வெல்டர் சின்னசாமி.

"போய்ப் பாத்துகினு வந்து சொல்றேண்ணே. ஃபீஸு முதலாளிதானே கட்றாரு."

சிரித்தாலும் கலைவாணிக்கும் உறுத்தியது. தன் அப்பாவுக்குப் பிறகு பொறுப்பேற்ற முதலாளி ராகேஷ், காரணமில்லாமல் காசை இறைப்பவர் அல்ல.

பயிற்சியில் ஒன்று சுருக்கென்று தைத்தது. ஒவ்வொரு பிரிவும் தன் பாதுகாப்புக்காக நேரத்தைக் கூட்டிச் சொன்னால் மொத்த வேலையும் தாமதமாகும் என்றார் பயிற்சியாளர். கலைவாணி தலை குனிந்துகொண்டார். அவருடைய தொழிற்சாலையின் வெல்டிங் பிரிவில் பொருளையே மறைப்பார்கள். ஒரு நாளைக்கு இத்தனை என்ற தினக் கணக்குக்கு மேல் முடித்த சட்டங்கள் தார்பாய்க்கு அடியில் போகும். கரண்ட் போனாலோ, ஒருவர் லீவு போட்டாலோ அதிலிருந்து எடுத்து ஈடுகட்டுவார்கள். வெளியே தெரிந்தால் முதலாளி தினக் கணக்கை ஏற்றிவிடுவார் என்ற பயம். முடிந்த சட்டங்கள் அங்கே கிடக்கும்போதே பெயிண்டிங் பிரிவு சட்டம் வரவில்லை என்று சும்மா இருக்கும், லாரி காலியாக நிற்கும்.

கலைவாணி பயிற்சியிலிருந்து திரும்பி வந்ததும் ராகேஷ் அழைத்தார். "அக்கா, இந்த ஆர்டரும் லேட்டானா கஸ்டமர் திருமழிசைல வேற கம்பெனிய பாத்துடுவாரு. வேலை எங்க நிக்குது, சொல்லுங்க."

சொன்னால் வெல்டர்களுக்குத் துரோகி. சொல்லாவிட்டால் ஆர்டர் போகும், எல்லார் சம்பளமும் ஆட்டம் காணும்.

"வெல்டிங்குக்கு வாங்க சார். கணக்கை ஏத்த மாட்டேன்னு எல்லார் எதிர்லயும் மொதல்ல சொல்லுங்க."

"என்னை நம்பலையா?"

"அவங்க நம்பணுமே சார்."

ராகேஷ் வந்தார், சொன்னார். வெல்டர்கள் கலைவாணியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அண்ணே, நான் எதையும் காட்டிக் குடுக்கல. காட்றதுனா நீங்களே காட்டுங்க" என்றார் கலைவாணி.

சின்னசாமி தார்பாயை விலக்கினார். "எடுத்துக்க சார். சொன்ன சொல்லு மட்டும் துரு புடிக்காம பாத்துக்க."

எல்லோரும் சிரித்தார்கள். ராகேஷின் பார்வை மட்டும் அந்தச் சட்டங்கள் மேல் சற்று அதிகமாகவே நின்றது.

ஆர்டர் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. முடிந்த சட்டங்கள் அன்றன்றே பெயிண்டிங்குக்குப் போகத் தொடங்கின. அடுத்த வாரம் ராகேஷ் மறுபடி அழைத்தார்.

"நல்லா போகுது அக்கா. கணக்கை இப்ப ஏத்தல. அடுத்த மாசம் பாக்கலாம்."

கலைவாணி வெல்டிங்குக்குள் நுழைந்ததும் சின்னசாமி முகமூடியைத் தூக்கினார். "இன்னா சொன்னாரு?"

ஒன்றுமில்லை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம்.

"அடுத்த மாசம் பாக்கலாம்னாரு" என்றார் கலைவாணி.

ஒவ்வொரு வேலைமேடையாக வெல்டிங் நின்றது.

"மறைக்காம சொன்ன பாரு, அது போதும்" என்றார் சின்னசாமி. "மீதிய நாங்க பாத்துக்கறோம்."

மூலையில் மடித்துக் கிடந்த தார்பாயை அவர் மறுபடி உதறி விரித்தார்; மீதி என்னவென்று கலைவாணி கேட்கவில்லை.