விதைச் சேவலும் ஆற்றுக் கெண்டையும்

என் தம்பிக்கு நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை. அதோடு, காவிரியில் பரிசல்காரர்கள் பிடிக்கும் மீனை மொத்தமாக வாங்கிச் சேலத்துக்கும் ஈரோட்டுக்கும் அனுப்புகிறான். அவர்களுக்கு வலை வாங்கித் தருபவனும் அவனே. அந்த வலையின் கண் எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்று ஒரு காலத்தில் சொன்னவள் நான். எனக்குள்ள கோபத்தில் பாதி என்மீதுதான்.

நான் பள்ளியில் விலங்கியல் நடத்திய காலம் அது. குஞ்சுகளை விட்டுவிடு, பெரியதை மட்டும் பிடி என்றேன். அப்படியே கேட்டுக்கொண்டான். உள்ளங்கை நுழையாத கண்ணுள்ள வலையைப் பரிசலில் ஏற்றவே விடமாட்டான். அக்கா சொல்லைத் தட்டாத பிள்ளை; எனக்குப் பெருமையாக இருந்தது.

ஓய்வுபெற்ற பின் ஓர் ஆனி மாதம் அவன் வீட்டில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். வலையில் சுற்றிக்கொண்டு செத்துப்போன சின்ன மீன்கள் வீட்டுக் குழம்புக்கு வரும். கையளவுகூட இல்லாத கெண்டை. வயிற்றைக் கீறினால் சினை. அடுத்ததிலும் சினை. முன்பெல்லாம் முழங்கை நீளம் வளர்ந்ததில்தான் சினை பார்த்திருக்கிறேன்.

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். நிதானமாக வளர்ந்து, பெரிதான பிறகே முட்டையிடும் மீன், அதற்கு முன்பே வலையில் மாட்டுகிறது. குட்டையாக இருக்கும்போதே அவசரமாகச் சினை பிடிப்பது தப்பித்து, தன்னைப் போன்ற குஞ்சுகளையே விட்டுச் செல்கிறது. மீனின் தலைமுறை தலைமுறையாக ஆற்றை இப்படிச் சலித்திருக்கிறோம். தண்ணீரும் இரையும்கூடக் காரணமாக இருக்கலாம். ஆனால் வலைக்குப் பங்கில்லை என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

"ஏன்டா சாமி, இங்க வந்து பாரு."

"சினைங்கக்கா. கொழம்பு ருசியா இருக்கும்."

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒருவர், தம்பி ஆசையாக வளர்க்கும் பெரிய நாட்டுச் சேவலை விலைக்குக் கேட்டு நின்றார். தம்பி சிரித்தான்.

"அதைக் குடுத்துட்டு விதைக்கு உங்களையா நிறுத்தறதுங்க? சோப்ளாங்கி ரெண்டு கெடக்குது, வேணும்னா அதைப் புடிச்சுட்டுப் போங்க."

அவர் போகும்வரை பொறுத்திருந்தேன்.

"சேவல்ல பெரியதை விதைக்கு வெக்கறே. ஆத்துல பெரியதையெல்லாம் வித்துட்டு சோப்ளாங்கியை விதைக்கு உடறயே, அடுக்குமாடா? புதுத்தண்ணி வந்து மீனு முட்டையிடற ரெண்டு மாசம் வலையே எறக்காதே. அப்புறமும் பெரிய தாய்மீன் சிக்குனா உட்டுரு."

அவன் குந்தி உட்கார்ந்து, ஒரு மீனை எடுத்து வெகுநேரம் பார்த்தான். புரிந்துகொண்டான் என்றே நம்பினேன்.

"அப்ப இதெல்லாம் குஞ்சு இல்லீங்களா?"

"இல்லை. வளர்ந்த மீனுதான்."

"அட, இது தெரியாம இத்தனை வருசமா ஆத்துல உட்டுட்டு இருந்தனுங்களே! நல்லவேளை, டீச்சரக்கா சொன்னீங்க."

கத்தினேன். நான் சொன்னது அதுவல்ல என்றேன். பிறந்ததிலிருந்து தூக்கி வளர்த்த தம்பியை அன்று என்னவெல்லாமோ சொன்னேன். பெரிய மீன்தான் குறைஞ்சு போச்சுங்களே, பரிசல்காரங்க என்ன பண்ணுவாங்க என்று பொறுமையாகவே கேட்டான்.

ஆடி பிறக்கும் முன் புது வலைகள் வந்து இறங்கின. பரிசல்காரர்களிடம், "எங்கக்காவே சொல்லிட்டாங்க" என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. நான் ஒரு வலையைப் பிரித்து அதன் கண்ணுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். இரண்டு விரல் நுழைந்தது. மூன்றாவது போகவில்லை.