டக் என்று கேட்கும்வரை

காருக்கு முன்விளக்கு செய்யும் கம்பெனியில் எனக்கு வேலை. என் பங்கு, லென்ஸைச் சுற்றி ரப்பர் வளையம் மாட்டி, பின்னால் ஒயர் முனையை 'டக்' என்று சத்தம் கேட்கும்வரை அழுத்துவது. விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது அடுத்த டேபிள்காரியின் பாடு. ஆனால் மண்ணூரில் என் மாமியார் வீட்டுக்குக் கரண்ட் ஆபீஸே நான்தான். டியூப்லைட் கண் சிமிட்டினால்கூட என்னைத்தான் முறைப்பார்கள்.

அந்தக் கம்பெனி வேலைக்கே ஆபத்து வந்தது. நாத்தனாரைப் பெண் பார்க்க வருகிறார்கள். மருமகளை ஷிஃப்டுக்கு அனுப்பும் வீடு என்று பேச்சு வரக்கூடாதாம். "இந்த மாசத்தோட நின்னுடு," என்றார் மாமியார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பஸ்ஸில் ஜன்னலோர சீட், கேன்டீன் அரட்டை, யாரும் என்னை மருமகளாகப் பார்க்காத எட்டு மணி நேரம், எல்லாம் போகிறதே.

வந்தவர்கள் உட்கார்ந்து, நாத்தனார் காபித் தட்டோடு வரும் நேரம் பார்த்து ஹால் பல்பு விட்டுவிட்டு எரிந்தது.

"சாயங்காலமானா கம்பெனிக்காரன் மொத்த கரண்ட்டையும் இழுத்துக்கிறான், மிச்சந்தான் நம்பளுக்கு," என்றார் மாமனார். ஃபேன் மட்டும் எப்படி ஜோராகச் சுற்றுகிறது என்று யாரும் கேட்கவில்லை. என் கணவர் ஸ்டூலில் ஏறி, பல்பைக் கழற்றிக் காதோரம் ஆட்டிப் பார்த்து, "உள்ள கம்பி அறுந்துகீது," என்று தீர்ப்புச் சொன்னார். அது எல்இடி பல்பு. அறுவதற்கு அதில் கம்பியே கிடையாது. திரும்ப மாட்டினார். இப்போது சுத்தமாக எரியவில்லை.

"ஏம்மா, லைட் கம்பெனிலதான வேல செய்யிற, இன்னான்னு பாரேன்," என்றார் மாமியார், மறைக்க நினைத்ததைப் பதற்றத்தில் மறந்துபோய்.

எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். சுவிட்சை அணைக்கச் சொல்லி, ஸ்டூலில் ஏறி, டக் என்று கேட்கும்வரை பல்பை அழுத்தித் திருகினேன். சுவிட்சைப் போட்டதும் சிமிட்டாமல் எரிந்தது.

"இன்னாம்மா ரிப்பேரு?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"சரியா மாட்டல, அவ்ளோதாங்க."

தன்னடக்கம் என்றார்கள். "அவ இல்லன்னா அந்தக் கம்பெனில லைனே ஓடாது," என்று மாமியார் அளந்துவிட்டார்.

"இவ்ளோ வெவரமான பொண்ண வேலய வுட்டு நிறுத்திடாதீங்க," என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"நாங்க ஏன் நிறுத்துறோம்?" என்றார் மாமியார், கொஞ்சமும் கூசாமல்.

மறுநாள் ஷிஃப்ட் பஸ்ஸுக்கு என்னை எழுப்பிவிட்டதே அவர்தான். வாசலில் பக்கத்து வீட்டுக்காரி ஓடாத மிக்சியோடு நின்றிருந்தாள். முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு, சாயங்காலம் வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.