அத்தை கொண்டுபோன தூக்குவாளி

பிள்ளைகளே, தமிழ் படிக்கச் சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வீர்கள். இதை மட்டும் எழுத்துக் கூட்டியாவது படித்துவிடுங்கள். அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.

உங்கள் அத்தை டாக்டர் பட்டத்துக்குப் படித்தது நம் தாராவி வீட்டில் இருந்துதான். எண்பதுகளின் கடைசி. நீங்கள் பிறக்கவில்லை. கீழே என் பை தைக்கும் பட்டறை, மேலே நான், உங்கள் அம்மா, அத்தை மூன்று பேர். அவள் தினமும் மாட்டுங்காவில் ஒரு கல்லூரிக்குப் போய்வந்தாள்.

"என்னட்டி ஆராய்ச்சி பண்ணுத?" என்று ஒருநாள் கேட்டேன்.

"டி.என்.ஏன்னு ஒண்ணு இருக்குல்லாண்ணே, அதுல குட்டித் துண்டு செஞ்சு மருந்தா குடுக்கலாமாம். வெறுமன ரத்தத்துல விட்டா ரத்தமே அத வழியிலயே அரிச்சுத் தின்னுரும். அதான் கொழுப்புல பொதிஞ்சு அனுப்ப முடியுமான்னு பாக்கேன்."

"பைக்குள்ள போட்டு ஜிப்ப இழுக்க மாதிரியா?"

"அதேதான். உன் பை மாதிரி தையல் விடாம இருந்தாச் சரி."

அந்தக் கொழுப்பை முட்டையின் மஞ்சள் கருவில் இருந்து எடுப்பாள். அவளுடைய பேராசிரியர் சுத்த சைவம். தன் ஆய்வுக்கூடத்தில் முட்டை உடைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அதனால் காலையில் நம் அடுப்படியிலேயே உடைத்து, மஞ்சள் கருவை மட்டும் தூக்குவாளியில் எடுத்துப் போவாள். மிஞ்சிய வெள்ளை எங்களுக்கு. வெள்ளைப் பொரியல், வெள்ளை ஆம்லெட். "டாக்டரம்மா, இந்த மைனிக்கும் ஒரு மஞ்சக்கரு விட்டு வைங்க" என்று உங்கள் அம்மா சீண்டுவாள்.

ஒரு வருஷம் காத்திருந்து, வெளிநாட்டில் இருந்து அந்த டி.என்.ஏ. துண்டு வந்து சேர்ந்தது. கண்ணாடிக் குப்பியின் அடியில் ஒட்டிய தூசி அளவுதான். கெட்டால் வேறு கிடையாது. அதைப் பொதிய வேண்டிய நாளில் அத்தை சாப்பிடாமலே கிளம்பிப் போனாள்.

கொஞ்ச நேரம் கழித்து உங்கள் அம்மா டீ கொண்டுவந்தாள். "பாவம், பஸ்ஸுல முட்டைக் கவுச்சி அடிக்கும்லா, நாலு பேரு மூக்கச் சுளிப்பாக. இன்னைக்கு நான் அவ வாளியில ஒரு சிட்டிகை மஞ்சப்பொடி போட்டுக் கலக்கி விட்டேன்" என்றாள், சந்தோஷமாக.

எனக்குத் தையல் ஓடவில்லை. கெமிஸ்ட்ரி தெரியாதுதான். ஆனால் அந்த வாளியில் சொட்டுப் பச்சைத் தண்ணீர் படக் கூடாது என்று அத்தை தினமும் கொதிநீர் ஊற்றிக் கவிழ்த்து வைப்பாள். மஞ்சள் கருவில் மஞ்சள் பொடி கிடந்தால் யார் கண்ணுக்குத் தெரியும்?

"நூல் வாங்கணும்" என்று சொல்லிவிட்டு, முக்குக் கடையில் முட்டை வாங்கி, ஒரு புதுப் பைக்குள் வைத்துப் பஸ் ஏறினேன்.

வாசலில் வாட்ச்மேன் என்னைப் பை விற்கிறவன் என்று நினைத்து, "பேக் நஹி சாஹியே", பை வேண்டாம் என்று விரட்டினார். கெஞ்சி, அத்தையைக் கூப்பிடச் சொன்னேன். வந்தவளிடம் விஷயத்தைச் சொன்னதும் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஊத்திட்டியாட்டி?"

"இல்லண்ணே. இப்பத்தான் கோட்டு மாட்டுனேன். வாளியத் தொறக்கவே இல்ல." கண் நிறைந்துவிட்டது, வாய் சிரித்தது. "மைனிட்ட சொல்லிராதண்ணே. எனக்காகத்தான போட்டிருக்கு."

கண்ணாடிக் குவளை ஒன்று எடுத்துவந்தாள். வாட்ச்மேன் அறைக்குப் பின்னால், பேராசிரியருக்குத் தெரியாமல் முட்டைகளை உடைத்தாள். நான் ஓடுகளைப் பொறுக்கினேன். நாலைந்து நாள் கழித்து, பட்டறைப் படியில் நின்றபடி, "துண்டு கொழுப்புக்குள்ள போயிருச்சுண்ணே, பாதிக்கு மேல போயிருச்சு" என்று கத்தினாள்.

ஆனால் முட்டை உடைத்த அன்றைக்கு, மஞ்சள் பொடி கலந்த கரு நிறைந்த தூக்குவாளியோடு நான் திரும்பினேன். அங்கே கொட்டினால் பேராசிரியருக்குத் தெரிந்துவிடும். அம்மா பார்த்தால் கேட்பாள். பட்டறையில் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். டீ போடும் ஸ்டவ்வைப் பற்றவைத்து, அத்தனையையும் கிண்டி, உப்பில்லாமல் நின்றபடியே தின்றேன். பிறகு தண்ணீரைக் கொதிக்க வைத்து வாளியில் ஊற்றி அலசி, அவள் வைப்பது போலவே கவிழ்த்து வைத்தேன்.