வசந்தி அக்காவின் ஈமெயில்

அலுவலகத்தில் யாரோ கறி கப் நூடல்ஸில் சுடுநீர் ஊற்றினார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறிய நொடியில், என் முதல் சமூக ஊடகப் பக்கத்தைத் திறந்து பார்த்தால் என்ன என்று தோன்றிவிட்டது.

அந்தப் பக்கம் பிறந்தது லிட்டில் இந்தியாவில், வசந்தி அக்கா மாடியில் நடத்திய இன்டர்நெட் மையத்தில். இன்று அங்கே வளையல் கடை. அப்போதோ, கீழே துணிக்கடைப் பாட்டு படியேறி வர, விசிறி கணினிச் சூட்டையே சுற்றிச் சுற்றி அனுப்ப, அக்கா தரும் கறி நூடல்ஸை உறிஞ்சியபடி, பிசுபிசுத்த விசைகளைத் தட்டி, பள்ளிச் சீருடையோடு ஊருக்கெல்லாம் நட்பு அழைப்பு அனுப்பிக்கொண்டிருப்பேன். துறைமுக வேலை முடிந்து என்னை இழுத்துப்போக வந்த அப்பா, ஒருநாள் கணினிக் கேமரா திரையில் காட்டிய தன் முகத்தைக் கண்டு, "அடியே, நான் டிவியில வர்றேன் லா!" என்று பல் தெரியச் சிரித்தார். சட்டென்று படம் எடுத்துப் பக்கத்தில் போட்டேன். அப்பா இப்போது இல்லை. அவர் சிரிக்கும் படம் எங்களிடம் வேறு கிடையாது.

கடவுச்சொல் மறந்திருந்தது. மீட்புக் குறியீடு போன ஈமெயில் முகவரியைத் திரை காட்டியதும் இன்னொரு முறை படித்துப் பார்த்தேன். அது வசந்தி அக்காவுடையது!

"உனக்கு எதுக்குடி தனி ஈமெயில்? என்னோடதையே போட்டுக்க லா" என்று அன்று அவர்தான் சொன்னார். அப்பாவின் சிரிப்புக்கு இத்தனை வருடமாக இன்னொருவர் கையில் சாவி!

மாலையில் வளையல் கடைக்காரரிடம் ஓடினேன். "அக்கா இப்ப பாலம் தாண்டி பத்து காவான் ஊர்ல இருக்காங்க. ஆனா பழைய ஈமெயில் எல்லாம் ஞாபகம் இருக்குமா, தங்கச்சி?" என்றார்.

சனிக்கிழமை போகிறேன், இரண்டு கப் கறி நூடல்ஸோடு. அந்த வாசனையில் அவருக்கும் ஒரு கடவுச்சொல் நினைவுக்கு வரட்டும்.